குத்தகை வீடும் கடற்கரை நாவலும்

டப்னி டு மோரியர் கோர்ண்வாலின் நாவலாசிரியை என்றே பேசப்படுகிறார். ஆயினும் 1907 இல் அவர் பிறந்தது இலண்டனில். நடிகரான தந்தை 1926 அளவில் பொடினிக் தோணித்துறையருகே விடுமுறை வீடொன்றை வாங்கியதிலிருந்தே அக்கரையோடு குடும்ப உறவு வலுப்பெற்றது. அப்பிரதேசம் பற்றி அவர் 1967 இல் வெளியிட்ட நூலுக்குப் புகைப்படம் எடுத்தவர் அவர்தம் மகன்.

எனினும் மண்வாசனை என்னும் சொல்லை இங்கு எளிதிற் பிரயோகித்தலாகாது. முதல் நாவலில் (1931) கப்பல் கட்டும் குடும்பமொன்றின் நான்கு தலைமுறை வாழ்க்கை உண்டு. கடல் அங்கே தொழில். 'ரெபேக்கா'விலோ (1938) உழைப்பவர்கள் பணியாளராகவும், கடற்கரையில் அலையும் மந்தபுத்தியுள்ள ஒருவனாகவும் ஒதுங்கிவிடுகின்றனர். எஞ்சுவது மாளிகை. இதனை வர்க்கப் பார்வையின் குறைபாடு என்று கூறி நம் விமர்சகர் அமைந்துவிடக்கூடும். அது உண்மையே, ஆனாற் போதாது.

அம்மாளிகைக்குப் பெரிதும் மாதிரியாயமைந்த மெனபிலி பிறர் சொத்து. நாவலைத் தொடங்கியபோது அவர் இராணுவ அதிகாரியான கணவருடன் எகிப்தில் இருந்தார். 1943 இலேயே அவ்வீட்டைக் குத்தகைக்குப் பெற்றார். தம் பணத்திற் செப்பனிட்டார். 1969 இல் உரியவர்க்கு விட்டு வெளியேறினார். நாவலின் கதைசொல்லியும் வீட்டை இழந்தபின்னரே பேசத் தொடங்குகிறாள். எசமானியாயிருந்தும் உரிமையுணர்வற்ற அவளுக்குப் பெயரும் இல்லை. வந்தேறியின் இவ்வச்சமே நாவலின் உயிர். மீனவனின் கோர்ண்வாலை அங்குத் தேடுதல் வீண்.

வெளியேறிய அவ்வாண்டில் வந்த நாவலின் நாயகன், மருந்தொன்றின் வலிமையால் 14 ஆம் நூற்றாண்டின் அதே கரைக்குச் செல்கிறான். அங்கும் அவன் எவர் கண்ணுக்கும் புலப்படாத பார்வையாளனே.