துடுப்பின் வழி: உழைக்கும் பொருள்களின் ஓவிய மரபு

விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலைப் பாறையில் செங்காவி ஓவியங்கள் இருக்கின்றன. ஒரு காட்சியில் படகு, அதில் மனிதர்கள், ஒருவர் துடுப்பு வலிக்கிறார். அதே மாவட்டத்துப் பனமலையில், இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலில் உமையின் ஓவியம். தேவியின் தலைக்கு மேல் குடை. குடை தகுதியைச் சொல்லும். துடுப்பு வேலையைச் சொல்லும். குடையைக் கொண்டாடிய அளவு துடுப்பை நாம் கவனிக்கவில்லை.

உழைக்கும் பொருளை வரைவதில் மூன்று வழிகளைக் காணலாம்.

முதலாவது, கருவியைக் கொண்டு ஆளை அடையாளம் காட்டுவது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தஞ்சை ஓவியர்கள் ஆங்கிலேயருக்கு வரைந்து தந்த கம்பெனி ஓவியங்கள் இவ்வகை. கணவனும் மனைவியும் தொழிற்கருவிகளோடு நிற்பார்கள். அக்காலக் கருவிகளை அறிய இவை அரிய சான்று. ஆனால் இன்ன கருவி, இன்ன சாதி என்று மனிதரை அடைத்துவிடுவது இவற்றின் குறை.

இரண்டாவது, பொருளைத் தனியே நிறுத்துவது. பிரான்சில் ஓவியர் சார்தான் 1730களில் செம்புத் தண்ணீர்த் தொட்டியை அத்தனை மதிப்போடு தீட்டினார். வான்கா 1886இல் தேய்ந்த காலணிகளை வரைந்தார். தத்துவவாதி ஹைடெகர் அவற்றில் ஓர் உழவர் பெண்ணின் வயலையும் வாழ்வையும் கண்டார். அவை ஓவியரின் சொந்தக் காலணிகளே என்று 1968இல் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷப்பீரோ மறுத்தார்.

மூன்றாவது, பொருளையும் ஆளையும் வேலையிடத்தையும் ஒன்றாக வைப்பது. இந்திய ஓவியர் பூபேன் கக்கரின் ‘ஜனதா வாட்ச் ரிப்பேரிங்’ (1972) இதற்கு நல்ல சான்று. சிறு கடைக்காரரின் உலகம் அங்கே ஒரு முழு ஓவியத்துக்கு உரியதாகிறது.

இவற்றை எதைக் கொண்டு மதிப்பிடுவது? என் முதல் அளவுகோல் தேய்மானம். திண்டிவனம் பக்கத்து மல்லாட்டை (நிலக்கடலை)க் கொல்லையில் களைக்கொட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிடி வழவழத்திருக்கும்; இரும்பு ஒரு முனையில் மட்டும் குறைந்திருக்கும். எந்தக் கை, எந்தப் பக்கமாக, எவ்வளவு காலம் இழுத்தது என்பது அதில் பதிந்திருக்கிறது. அதைக் கண்டு வரைந்தால், களை வெட்டிய பெண் வரையப்படாமலே படத்தில் இருப்பார். புத்தம்புதுக் களைக்கொட்டை அழகாக வரைந்தால் இரும்பும் மரமும்தான் மிஞ்சும்.

இரண்டாம் அளவுகோல் அடக்கம். வான்கா காலணி வழக்கு கற்பிப்பது இதுவே: ஆழ்ந்த பொருளுக்குப் படத்துக்குள் பிடிமானம் வேண்டும். வேலையில் வலி மட்டும் இல்லை. நுட்பமும் பெருமிதமும் உண்டு. எல்லாக் கருவிமீதும் சோகத்தைப் பூசுவது உழைத்தவரின் திறமையை மறைப்பதாகும்.

மரக்காணத்தில் உப்பு வாரும் பலகையும், விக்கிரவாண்டிப் பக்கத்துப் பனையேறியின் பாளை அரிவாளும் நம் ஓவியர்களுக்காகக் காத்திருக்கின்றன. அவற்றை வரைவோர், படத்தை முதலில் அக்கருவியைப் பிடித்தவரிடமே காட்ட வேண்டும். ‘இது என் அரிவாள்’ என்று அவர் சொல்ல முடிந்தால்தான், அதற்கு மேலான பொருளைப் பற்றி நாம் பேசலாம்.