எது இல்லாத வெறுமை?

காவலூர் வைனு பாப்பு வானாய்வகத்தில் தொலைநோக்கிக்காக வரிசையில் நின்ற ஒரு மாலை. எனக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகள். "சனியோட வளையம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது" என்றார் அவர்களுடைய ஆசிரியர். தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சிறுமி கேட்டாள்: "சார், நான் கண்ணாடி போட்டிருக்கேனே, என் கண்ணு வெறுங்கண்ணா?" அவர் சிரித்துவிட்டு வரிசையை நகர்த்தினார். நான்தான் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டேன்.

ஆங்கிலத்தில் இதற்கு 'நேக்கட் ஐ' என்று பெயர். அப்படியே பெயர்த்திருந்தால் நமக்கு 'அம்மணக் கண்' வாய்த்திருக்கும். முதலில் தமிழாக்கியவர் 'வெறும்' என்ற சொல்லை எடுத்து நம்மைப் பிழைக்க வைத்தார். பழைய ஊனக்கண்ணும் கையருகே இருந்தது. ஊனாலான கண் என்ற பொருள் மங்கி, இன்று அது பழுதுபட்ட கண் என்றே காதில் விழுகிறது.

ஆங்கிலக்காரர்களும் இந்த விஷயத்தில் ஏழைகள் அல்ல. கால் 'பேர்', உடம்பு 'நேக்கட்', தலை 'பால்ட்', விளையாத நிலம் 'பேரன்'. அதே உடம்பு ஓவியத்தில் ஏறினால் 'நியூட்'. துணி உருவப்பட்டுக் கூசி நிற்பது ஒன்று, கலையில் நிமிர்ந்து நிற்பது மற்றொன்று என்று கென்னத் கிளார்க் 1956இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் அங்கே சொல் மாறுவது பெரும்பாலும் பொருளைப் பார்த்து. தமிழில், அங்கே இருந்திருக்க வேண்டியது எது என்பதைப் பார்த்து.

'வெறும்' என்பதற்குத் தனியாகப் பொருளே இல்லை என்றுகூடச் சொல்லலாம். வெறுங்காலில் செருப்பு இல்லை. வெறுஞ்சோற்றில் குழம்பு இல்லை. வெறுந்தரையில் பாய் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் "வெறும் வயிற்றோட வாங்க" என்றால் காபிகூடக் கூடாது. உறவு வீட்டுக்கு வெறுங்கையோடு போனால் பழமோ பூவோ இல்லை. 'வெறுங்கை முழம் போடுமா' என்னும்போது அதே கையில் இல்லாதது முதல். வெறுவாய் மெல்லுபவனுக்கு இல்லாதது அவல். வெறும் உடம்போடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் வேட்டி இருக்கிறது, சட்டைதான் இல்லை. கேட்பவருக்கு இதெல்லாம் யாரும் விளக்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பவர்தான் தலையைச் சொறிவார்.

மொட்டைக்கு இந்த அடக்கம் கிடையாது. முடியில்லாத தலை, இலையில்லாத மரம், கூரையில்லாத மாடி, கையெழுத்தில்லாத கடிதம், முனை மழுங்கிய கத்தி எல்லாம் மொட்டை. மேலே முடிவாக இருக்க வேண்டியது போய்விட்டது என்பதுதான் இவற்றின் பொது இழை. நிழலில்லாத உச்சிப்பொழுதின் மொட்டை வெயிலை இதில் எங்கே சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சேராமலே இருக்கட்டும்.

மூளி கொடிய சொல். விளிம்புடைந்த பானையும் மூளி, தோடில்லாத காதும் மூளி. அதைக் கணவனை இழந்தவள்மேல் வீசியபோது, நகை இல்லாததை உடம்பின் உடைசலாகவே ஆக்கினார்கள். பாழ்நெற்றியும் அந்தக் கூட்டம்தான். அகராதியில் இவை இருக்கட்டும், வாயில் வேண்டாம்.

உடம்பின் வெறுமைக்கு நாம் சொல் எடுத்த கதை காவலூர் இருக்கும் ஜவ்வாது மலையைச் சுற்றியே கிடக்கிறது. மலைக்குக் கிழக்கே, போளூர்ப் பக்கம் திருமலை. இராசராசனின் அக்காள் குந்தவை பெயரால் அங்கே ஒரு சினாலயம் (சமணக் கோயில்) உண்டு. மேலே பாறையில் சுமார் 16 அடி உயரத்தில் தீர்த்தங்கரர் நேமிநாதர், உடையின்றி நிற்கிறார். அவருக்குச் சமணர் தரும் சொல் திகம்பரம்: திசையே ஆடை. அதாவது ஒன்றும் இல்லாமல் இல்லை, உடுத்தியிருப்பது பெரிது. அந்தத் துறவிகளை அமணர் என்றோம். அம்மணம் அதிலிருந்து வந்தது என்பது பல சொல்லாய்வாளர்களின் துணிபு. நிர்வாணத்தின் கதை இன்னும் விசித்திரம். வடமொழியில் அது விளக்கணைவது போன்ற விடுதலை. தமிழ்ப் பேச்சில் துணியில்லாமை. வீடுபேற்றைக் குறித்த சொல்லைக் கொண்டு நாம் கண்டது உடம்பை மட்டும்தான். இன்றைக்குக் குளிக்க ஓடும் குழந்தைக்கு அம்மணம், செய்தித்தாளுக்கு நிர்வாணம், நேமிநாதருக்கு மட்டும் திகம்பரம். கிளார்க்கின் இரண்டுக்கு நம்மிடம் மூன்று.

நிலத்துக்கு வந்தால் தரிசு, பொட்டல், கரடு, கட்டாந்தரை, பாழ் என்று பட்டியல் நீளும். பட்டியலுக்குப் பதில் ஒரு பேச்சு போதும். சாமை அறுத்து முடிந்த ஒரு கொல்லையைக் காட்டி, "தரிசா இது?" என்று மலைக்காரப் பாட்டி ஒருவரிடம் கேட்டேன். அவருக்குச் சுருக்கென்றது. "தரிசுன்னு சொல்லாத சாமி. சும்மா கெடக்குது. மழ வந்தா வெதைப்போம்." தரிசு கைவிட்ட நிலம். சும்மா கிடப்பது ஓய்வெடுக்கும் நிலம். பார்வைக்கு இரண்டும் ஒரே செம்மண்தான்.

நம் சொல்நூல்கள் இந்த வேற்றுமைகளை எவ்வளவு பிடித்தன? நிகண்டுகள் ஒரு பொருளின் பல பெயர்களைத் திரட்டித் தந்தன, பெயருக்குப் பெயர் என்ன வேற்றுமை என்று சொல்ல நிற்கவில்லை. 1862இல் வந்த வின்சுலோ அகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இரண்டும் பெருங்கொடைகள். ஆனால் அவை தமிழுக்கு ஆங்கிலத்தையே முதலில் வைத்துப் பொருள் சொன்னதால், வேறுவேறு வெறுமைகள் ஒரே ஆங்கிலச் சொல்லில் போய் ஒடுங்கின. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிதான் எடுத்துக்காட்டு வாக்கியம் தந்து பொருளைப் புழக்கத்தோடு காட்டியது. இவற்றுக்கெல்லாம் முன்னே, தொல்காப்பிய உரியியல் 'வெறுப்பு' என்ற சொல்லுக்குச் செறிவு என்று பொருள் தருகிறது. 'வெறும்', 'வெறுப்பு' இரண்டும் ஒரே வேரா என்பது வேறு வழக்கு. இன்மைக்கும் நிறைவுக்கும் ஒரே ஒலி நின்றது என்பதே போதும், ஒரு ராத்தூக்கம் கெட.

வானாய்வகத்திலும் ஒரு வெறுமை வேலை செய்கிறது. 1986இல் திறக்கப்பட்ட பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம். இருட்டில் விரிந்த நம் கண்மணி 7 மில்லிமீட்டர். நம் கண் வாங்கும் ஒளியைப் போல் லட்சம் மடங்குக்கும் மேல் அது வாங்கும். ஆனால் வாங்கித் திருப்புவது கண்ணாடி அல்ல, அதன்மேல் பூசிய அலுமினியம். அந்தப் பூச்சு தலைமயிரின் தடிப்பில் பல நூற்றில் ஒரு பங்கு. தூசும் பனியும் பட்டு அது மங்கினால் கழுவி உரித்துவிட்டு, காற்றை உறிஞ்சி எடுத்த கலத்தில் வைத்து மறுபடி பூசுகிறார்கள். உரித்தபின் பூசும்வரை ஆடி வெறும் கண்ணாடி. பூச்சு ஏறும் இடம் வெற்றிடம். இரண்டும் ஒரே 'வெறு'. ஒன்று குறை, மற்றது தேவை.

சிறுமிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆம், அவளுடையதும் வெறுங்கண்தான். வானியலில் அந்த 'வெறும்' கழிப்பது தொலைநோக்கியையும் இருகண்நோக்கியையும். மூக்குக்கண்ணாடி கணக்கில் இல்லை. வளையம் பற்றி இன்னொன்றும் உண்டு: 1977 மார்ச் 10 அன்று இதே காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கி, யுரேனசுக்குப் பின்னால் மறையப்போன ஒரு விண்மீன் விட்டுவிட்டு மங்குவதைப் பதிந்தது. அந்தக் கோளின் வளையங்கள் வெளிப்பட்டது அன்றுதான். வளையத்தை நேரில் பார்க்காமல், ஒளி இல்லாத கணங்களை வைத்தே அறிந்தார்கள்.

அறுவடை முடிந்த நிலத்தை உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள்? தரிசு என்று எழுதும் முன், அந்த நிலத்துக்காரரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதி அனுப்புங்கள்.