பாட்டும் இசையும் இருவர் கையில்
(‘ஹிப்ஹாப் தமிழா’ பாடல்களை முன்வைத்து ஒரு திறனாய்வு)

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் தென்னாட்டுக் காய்கறிக்கும் மீனுக்கும் மளிகைக்கும் பெயர்பெற்ற சந்தை. தமிழரும் மலையாளிகளும் வடகிழக்கு மாநிலத்தாரும் அயல்நாட்டுத் தூதரகத்தாரும் பொருள் தேடி வரும் இடம். அதன் எதிரே, 1994இல் தொடங்கப்பட்ட தில்லி ஹாட் என்னும் கைவினைச் சந்தை. அணித்தே இலட்சுமிபாய் நகரில், தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளுள் ஒன்று. இச்சுற்றுப்புறத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் வீட்டில் பேச்சாக இருக்கிறது. பள்ளியில் பாடமாக இருக்கிறது. தெருவில் பெரும்பாலும் இல்லை. பேச்சுக்கும் பாடத்துக்கும் இடைப்பட்ட அவ்வெளியை நிரப்புவது பாட்டு. நூலட்டையும் இசைத்தட்டுக் குறிப்பும் இன்றிக் கைப்பேசி வழியே வந்து சேரும் அப்பாட்டில், ஆக்கியோன் யார் என்பதற்குச் சான்றாக எஞ்சுவது பாட்டுக்குள் ஒலிக்கும் பெயர் மட்டுமே.

ஐ.என்.ஏ. என்னும் மூன்றெழுத்தே இந்திய தேசிய இராணுவத்தை நினைவூட்டுவது. அப்படையில் மலாயா இரப்பர்த் தோட்டத் தமிழர் பெருந்தொகையினராகச் சேர்ந்தனர். படையின் பெயர் வாழ்கிறது. அவர்களுள் மிகப்பலரின் பெயரை இன்று அறிவார் இலர். அந்த மலாயா மண்ணிலிருந்தே 2006இல் ‘யோகி பி – நட்சத்திரா’ குழுவின் ‘வல்லவன்’ என்னும் இசைத்தொகுப்பு வெளிவந்து, ராப் எனப்படும் சொல்லிசையைத் தமிழ்நாட்டு இளைஞர்க்கு அறிமுகப்படுத்தியது. தமிழ்நாட்டில் இத்துறைக்கு நிலையான வடிவம் தந்தவர்கள் கோவையைச் சேர்ந்த ஆதியும் ஈரோட்டைச் சேர்ந்த ஜீவாவும் ஆவர். ‘ஹிப்ஹாப் தமிழா’ என்னும் ஒரே பெயரில் இயங்கும் இவ்விருவரின் ‘கிளப்புல மப்புல’ பாடல் 2011ஆம் ஆண்டளவில் பண்பலை வானொலி நிகழ்ச்சி ஒன்றின்வழி இணையத்தில் பரவியது. 2012இல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ தொகுப்பு வந்தது. 2015இல் ‘ஆம்பள’ படத்தின்வழி இருவரும் திரை இசையமைப்பாளர் ஆயினர். அதற்கு முந்திய ஆக்கங்களே இங்கு முதன்மையாக நோக்கப்படுகின்றன. இவற்றைத் ‘தனிப்பாடல்’ என்று வழங்குவோர் உளர். அச்சொல் தமிழிலக்கிய வரலாற்றில் வேறு பொருளில் வேரூன்றிவிட்டமையால் ‘தனியிசைப்பாடல்’ என்பதே பொருந்தும்.

திரைப்பாடலை ஆராய்வோர் அதன் வரிகளை அச்சில் ஏற்றி, உவமை, உருவகம், சமூகச் செய்தி எனப் பகுத்துக் காண்பது தமிழ்த்துறை ஆய்வேடுகளில் வழக்கமாகிவிட்டது. மெட்டு வேறொருவருடையது என்பதால் அதனை விலக்கி வைப்பதில் ஓரளவு நியாயமும் உண்டு. தனியிசைப்பாடலுக்கும் அதே முறையைக் கையாளும்போது பனுவலின் பாதி கைநழுவிப் போகிறது. சொல்லிசையில் சொல் முன்னும் இசை பின்னுமாகவோ, இசை முன்னும் சொல் பின்னுமாகவோ பிறப்பதில்லை; தாளத்தின் வெற்றிடத்தை அறிந்தே சொல் நீள்கிறது, சுருங்குகிறது, நின்றுவிடுகிறது. அச்சில் ஏறிய வரி சப்பையாகத் தோன்றுவதற்கும் அதே வரி செவியில் உயிர்ப்பதற்கும் காரணம் இதுவே.

இதனை யாப்பின் வழி நின்று காணலாம். தமிழ்ச் செய்யுள் மரபு எதுகை, மோனை ஆகியவற்றுக்கே முதலிடம் தந்தது; அடியின் தொடக்கமே அதன் வலுவிடம். சொல்லிசையோ அடியின் இறுதியில், இயைபில், தன் எடையை வைக்கிறது. ஆங்கிலத்தில் இறுதி ஒலியொப்புமைக்குச் சொல் தேடி உழைக்க வேண்டும். தமிழிலோ வினைமுற்று தொடரின் இறுதியில் நிற்பது. காலமும் இடமும் காட்டும் விகுதிகளும் ஒரே அச்சில் வார்த்தவை. தன்மை ஒருமையில் பேசும் எவரும் நான்கு தொடர்களைச் சொன்னால் நான்கும் ‘ஏன்’ விகுதியில் முடிந்து தாமே இயைந்துவிடும். ஆதலின் தமிழ்ச் சொல்லிசையில் இயைபு மிக மலிவான பொருள். மலிவானதைக் கொண்டே கடை விரிப்போர் இத்துறையில் மிகுதி. ‘ஹிப்ஹாப் தமிழா’ பாடல்களிலும் இக்குறை இல்லாமல் இல்லை. தன்பெருமை கூறும் பகுதிகள் பலவற்றில் விகுதி இயைபே தாங்குகோலாக நிற்கிறது. ஆனால் சிறந்த இடங்களில் அடியின் உள்ளே மோனை அடுக்கி, வல்லின ஒற்றுகளைத் தாள அடியின்மேல் விழச் செய்து, விகுதி இயைபைப் பின்னணிக்குத் தள்ளிவிடுகின்றனர். 2017 சனவரி ஏறுதழுவல் போராட்டத்தின்போது பரவலாக ஒலித்த ‘டக்கரு டக்கரு’ பாடலில், தலைப்பிலேயே அமைந்த இரட்டித்த ககரம் பறைக்கொட்டின் வேலையைச் செய்கிறது. அதனை வாயால் சொன்னாலே தாளம் புலப்படும். வண்ணப்பாடல்களின் சந்தக் கட்டமைப்பில் பயின்ற செவிக்கு இது புதிதன்று. சிந்தும் கும்மியும் வளர்த்த செவிக்கும் அவ்வாறே. செய்யுளுறுப்பு முப்பத்துநான்கனுள் ‘விருந்து’ என ஒன்றைத் தொல்காப்பியர் வைத்ததும், புதுவது கிளந்த யாப்புக்கு இடம் தரவே.

யாப்பில் ஓசையையும் சொல்லையும் இவ்வாறு பிரிக்க இயலாதபோது, ஆக்கியோன் யார் என்ற வினா எழுகிறது. இதற்குத் தமிழில் இரண்டு முன்மாதிரிகள் உள்ளன. ஒன்று இரட்டைப் புலவர். முதுசூரியர், இளஞ்சூரியர் என்னும் இவர்களுள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். ஒருவர் தோளில் ஒருவர் அமர்ந்து ஊர்தோறும் சென்று பாடினர் என்பது வழிவழிச் செய்தி. ஒருவர் வெண்பாவின் முற்பாதியைச் சொல்ல, மற்றவர் பிற்பாதியை முடித்தார் என்று தனிப்பாடற் கதைகள் கூறும். ஆனால் தில்லைக் கலம்பகத்திலோ திருவாமாத்தூர்க் கலம்பகத்திலோ எவ்வடி எவருடையது என்று இன்று பிரிக்க இயலாது. பிரிக்க வேண்டும் என்று எவரும் கேட்கவுமில்லை. 

மற்றொன்று பரிபாடல். எழுபது பாடல்களுள் நமக்குக் கிடைத்த இருபத்திரண்டில் பெரும்பாலானவற்றின் இறுதியில், பாடியவர் பெயரும் இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. ஆறாம் பாடலுக்கு ஆசிரியன் நல்லந்துவனார் பாட்டு, மருத்துவன் நல்லச்சுதனார் இசை, பண் பாலையாழ். 1918இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தபோது இக்குறிப்புகள் நூலோடு அச்சேறின. சங்க இலக்கிய வகுப்பறையில் நல்லந்துவனார் பெயர் ஒலிக்கும் அளவுக்கு நல்லச்சுதனார் பெயர் ஒலிப்பதில்லை. எனினும், பெயர் ஏட்டில் இருக்கிறது, தேடுவோர்க்குக் கிடைக்கிறது.

‘ஹிப்ஹாப் தமிழா’ தேர்ந்துகொண்டது இரட்டையர் வழி. பெயர் ஒன்று, உழைப்பு இருவருடையது. அப்பெயரைப் பாட்டின் உள்ளேயே உரக்கச் சொல்லும் வழக்கம், கீர்த்தனைகளில் வாக்கேயக்காரர் முத்திரை வைத்ததற்கு ஒப்பானது. தொலைவில் உள்ள கேட்போர்க்கு அது பயன்பட்டது. தில்லியிலும் கோலாலம்பூரிலும் பாட்டு தன் ஊர்ப்பெயரைத் தானே சுமந்து சென்றது. ஆயினும் முத்திரையைச் சொல்லும் குரல் ஆதியுடையது. முகமும் அவருடையது. 2017இல் ‘மீசைய முறுக்கு’ படத்தை எழுதி இயக்கி நடித்தபின் அப்பெயர் பொதுமக்கள் வழக்கில் ஒருவரையே குறிப்பதாயிற்று; ‘ஹிப்ஹாப் ஆதி’ என்ற வழக்கே அதற்குச் சான்று. ஜீவாவின் பங்கு தாளத்திலும் ஒலிக்கோவையிலும் கரைந்து கிடக்க, வரிகளை மட்டும் பிரித்தெடுத்து ஆராயும் முறை அவரை இரண்டாம் முறையாக மறைத்துவிடுகிறது. கூட்டுப்பெயரே ஒருவருடைய பெயராக மாறும் இந்நிகழ்வு இரட்டைப் புலவர்க்கு நேரவில்லை. அவர்களுக்கு நிழற்படம் இல்லாமையும் அதற்கொரு காரணம் போலும்.

முத்திரை வைப்பதற்கு வேறொரு விளைவும் உண்டு. திரைப்பாடலில் பேசுவது கதைமாந்தர். அது ‘கூற்று’, கவிஞர் அதன் பின்னே ஒதுங்கி நிற்கலாம். தனியிசைப்பாடலில் அத்திரை இல்லை. ‘கிளப்புல மப்புல’ பாடல், நகர்ப்புறப் பெண்ணின் உடையையும் குடியையும் தமிழ்ப் பண்பாட்டின் பெயரால் கண்டிக்கிறது. ஆணின் குடியை அதே கோலால் அளக்கவில்லை. இது பெண்ணை இழிவுபடுத்துகிறது என்ற எதிர்ப்பு அக்காலத்திலேயே எழுந்தது. எள்ளல் என்றோ, இளமைத் துடுக்கு என்றோ கூறி இதனைக் கடந்துவிட இயலாது. பேசும் ‘நான்’ ஆக்கியோனே என்று பாட்டே அறிவித்துவிட்டபின், அந்நோக்கின் பொறுப்பும் முத்திரைக்கு உரியவரையே சாரும். அறக்கண்டனம் செய்யும் குரல் தமிழில் புதிதன்று. சித்தர் பாடல்களில் பெண் பழிப்பு உண்டு, அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நூற்றாண்டுகள் பழைய பழிப்பைப் புதிய தாளத்தில் வைத்ததனால் மட்டும் பாட்டு புதியதாகிவிடாது. இசைவடிவில் துணிவும் கருத்தில் பழமையும் ஒருங்கே நிற்பது இப்பாடலின் முரண்.

இதற்கு மாறாகக் குறிப்பிடத்தக்கது ‘வாடி புள்ள வாடி’. முதலில் தனியிசைப்பாடலாக வந்து, பின்னர் ‘மீசைய முறுக்கு’ படத்தில் இடம்பெற்றது. தனியே ஒலித்தபோது ஆக்கியோனின் தற்கூற்றாக நின்ற காதல், படத்தில் கதைத்தலைவன் கூற்றாக மாறிவிட்டது. அத்தலைவனோ ஆக்கியோனின் வாழ்க்கையையே தழுவி அமைந்தவன். ஒரே பாட்டு கூற்று மாறிப் பொருள் மாறும் இத்தகைய சான்றுகள் அகத்திணைக் கூற்று பற்றிய ஆய்வுக்கும் பயன்தரும். 2019இல் தமிழ் எழுத்தின் தோற்றத்தை ஆராயும் ‘தமிழி’ என்னும் இணைய ஆவணத்தொடரை ஆதி வெளியிட்டதும் இங்கு நினைக்கத்தக்கது. செவிவழித் தமிழைப் பெற்ற கேட்போரைக் கல்வெட்டெழுத்தின் பக்கம் திருப்பிய முயற்சி அது. தொடரின் ஆய்வு முடிபுகளைத் தனியே மதிப்பிட வேண்டும்.

பங்கு குறிக்கப்படாத பாட்டுக்கு நேர்வது என்ன என்பதை மற்றோர் இருவர் பாட்டு காட்டியது. 2021 மார்ச் 7 அன்று வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் பாடகி தீ, பாடலாசிரியரும் சொல்லிசைக் கலைஞருமான அறிவு இருவர் குரலும் ஒலிக்கின்றன, இசை சந்தோஷ் நாராயணன் பெயரில் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் நினைவும் ஒப்பாரி மரபும் அறிவின் சொற்களில் கலந்திருந்தன. உலகெங்கும் கேட்கப்பட்ட அப்பாட்டையொட்டி 2021இல் ஓர் இசையிதழின் அட்டையில் அறிவு இடம்பெறாதது கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 2022 சூலை 28 அன்று சென்னைச் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அவரின்றி அப்பாட்டு பாடப்பட்டது. எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் தாமே என அறிவு பொதுவெளியில் கூறினார். அது கூட்டுப் படைப்பே என்றும், அவர்க்குரிய பெருமை எங்கும் மறுக்கப்படவில்லை என்றும் தீயும் சந்தோஷ் நாராயணனும் விளக்கினர். இவற்றுள் எது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்பு வழங்குவது திறனாய்வின் வேலையன்று. ஆயினும் ஒன்று வெளிப்படை: மெட்டு யாருடையது, எந்த அடியை யார் தந்தார், ஒப்பாரித் தொடர் எவ்வூர் வழக்கிலிருந்து வந்தது என்ற குறிப்பு வெளியீட்டோடு இணைந்திருந்தால் வாதம் இவ்வளவு வளர்ந்திராது. தோட்டத் தொழிலாளர் பெயரற்றுப் போனதைப் பாடிய பாட்டே பெயர்ச்சிக்கலில் மாட்டிக்கொண்டது வருந்தத்தக்கது.

தமிழ்த்துறைகள் இப்பாடல்களைப் பாடத்திட்டத்திலோ ஆய்வேட்டிலோ சேர்க்கும்போது பரிபாடல் தொகுத்தோர் செய்ததையே செய்யலாம். சொல் இயற்றியவர், தாளமும் ஒலிக்கோவையும் அமைத்தவர், வெளிவந்த நாள், திரையில் மீண்டும் இடம்பெற்றிருப்பின் அவ்விவரம், வாய்மொழி மரபிலிருந்து எடுத்தாண்ட பகுதி ஆகியன பாட்டின் அடியில் எழுதப்பட வேண்டும். ‘ஹிப்ஹாப் தமிழா’ பாடல்களைப் பொறுத்தவரை இக்குறிப்பை எழுதக்கூடிய இருவரும் இன்று நம்மிடையே உள்ளனர். நேர்காணல் ஒன்றிலேயே பெரும்பகுதியைப் பெற்றுவிடலாம். பரிபாடலின் முதற்பாடலுக்கும் இருபத்திரண்டாம் பாடலுக்கும் அடிக்குறிப்பு கிடைக்கவில்லை. அவற்றைப் பாடியவரையும் இசை வகுத்தவரையும் இனிக் கேட்டறிய வழியில்லை.