நீல விளக்கில் தெரியாத கோடு

அம்மாவுக்கு டிமென்ஷியா வந்த பிறகும் மதுரைக்கும் சென்னைக்கும் பாண்டியன் எக்ஸ்பிரஸில்தான் போய்வருகிறோம். சில மாதங்களாக அந்தப் பயணங்களுக்கு நான் வாங்குவது, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் பிரபல நிறுவனமொன்றின் பேன்ட் டைப் டயப்பர். விலையும் அளவும் பாக்கெட்டிலேயே இருக்கின்றன. இடுப்பை அளந்து வாங்குங்கள்; பெரிய சைஸ் என்றால் தொடையோரம் கசியும். என் கோபமெல்லாம் முன்பக்கத்து மஞ்சள் கோட்டின் மேல்தான்.

ஈரம் பட்டால் அந்தக் கோடு நீலமாகும். வீட்டு டியூப்லைட்டில் சட்டென்று தெரிகிறது. தேர்ட் ஏசியில் எல்லோரும் படுத்த பிறகு எரிவதோ சின்ன நீல விளக்கு. அதில் எது மஞ்சள், எது நீலம்? செல்போன் டார்ச்சை அடித்தால் அம்மா விழித்துவிடுகிறார். "யாரும்மா நீ? எதுக்கு என் துணிய இழுக்குற?" என்று நடுங்குகிறார். இருட்டில் முகம் தெரியாத ஒருத்தி வெளிச்சத்தைப் பாய்ச்சித் துணியை விலக்கினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். இந்தக் கோட்டை வடிவமைத்தவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலை மட்டுமே நினைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, முதல் தடவை நனைந்ததுமே கோடு மாறிவிடுகிறது. உள்ளே இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் துகள்கள் சிறுநீரைக் குடித்துக் கூழாகின்றன. இன்னும் எவ்வளவு தாங்கும் என்று கோடு சொல்லாது. கொள்ளளவு எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஐஎஸ்ஓ 11948 சோதனையில் முழு டயப்பரையும் திரவத்தில் முக்கியெடுத்து, வடியவிட்டு எடை பார்ப்பார்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் உடம்பின் பாரம் அந்தக் கணக்கில் வராது.

அதனால் இப்போது கைதான் எனக்குக் கருவி. விளக்கை அணைக்கும் முன்பே ஒருமுறை மாற்றிவிடுகிறேன். பிறகு போர்வையைச் சரிசெய்யும்போது நைட்டிக்கு மேலேயே தொட்டுப் பார்த்தால் உப்பியிருப்பது தெரிகிறது. அம்மா விழிப்பதில்லை. நனைந்தால் மறைந்துபோகும் கறுப்புக் கோடு ஒன்றைப் போட்டிருந்தாலே எந்த விளக்கிலும் தெரியுமே!

இத்தனை குறைகளுக்குப் பிறகும் நான் பிராண்டை மாற்றாததற்குக் காரணம் அதன் பக்கத் தையல். இரண்டு பக்கமும் கிழித்தால் நின்றபடியே கழன்று வந்துவிடும். டேப் டைப் என்றால் படுக்கவைத்துத்தான் கட்ட வேண்டும். எதிர் பெர்த்தில் அந்நியர்கள் இருக்கையில் அதை எப்படிச் செய்வது? டாய்லெட்டில் அம்மா கம்பியைப் பிடித்துக்கொள்கிறார், நான் மாற்றிவிடுகிறேன். உள்ளாடை மாதிரியே இருப்பதால் தானே காலை நுழைத்துக்கொள்கிறார். அவர் மானம் காக்கப்படுகிறது என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

பயண நாளில் தண்ணீரைக் குறைக்கும் வீடுகள் நிறைய உண்டு. தயவுசெய்து வேண்டாம். நீர் வற்றினால் குழப்பம் கூடும், சிறுநீர்த் தொற்றும் வரும்.

கடைசியாக, நிறுவனத்திடம் ஒரு கேள்வி. கழற்றியதைச் சுற்றிப்போட உறை தர வேண்டும் என்று திடக்கழிவு விதிகள் 2016-லேயே சொல்லிவிட்டன. என் பாக்கெட்டில் ஒன்றுகூட இல்லை. ரயிலின் பயோ டாய்லெட்டில் போட்டால் அடைத்துக்கொள்ளும். பழைய நாளிதழும் கறுப்புக் கவரும் நான்தான் சுமக்கிறேன். உறை எங்கே?