மரம் என்னும் உருவகம்

கூர்ப்பு வரலாற்றை மரமாக உருவகித்தல் வெறும் வசதியன்று. அதனுள் ஒரு நோக்கும் உண்டு. டார்வினது 'உயிரினங்களின் தோற்றம்' (1859) கொண்டுள்ள ஒரேயொரு வரைபடத்தில் எழுத்துகளாற் குறித்த கிளைகளே உள. மனிதனுமில்லை, தனியொரு உச்சியுமில்லை, கிளைகள் பல இடையிலே அற்றுப்போகின்றன. ஜேர்மானியரான எக்கல் 1874இல் வரைந்ததோ பருத்த ஓக்கு மரம். அதன் அடிமரம் நேரே மனிதனிடம் ஏறுகின்றது. ஏனைய அங்கிகள் பக்கக் கிளைகளாகின்றன. வரலாற்றின் முடிவாகத் தன்னையே கண்ட முதலாளி வர்க்கத்தின் பார்வை இங்கு உயிரியல் வேடம் பூண்டுள்ளது எனலாம். (எக்கல் மனித இனங்களையும் உயர்வு தாழ்வாக அடுக்கியமை தற்செயலன்று.) 1977இல் வூசும் பொக்சும் றைபோசோம் ஆர்.என்.ஏ.யை ஒப்புநோக்கி, பற்றீரியாக்களோடு சேர்த்தெண்ணப்பட்ட சில நுண்ணங்கிகள் முற்றிலும் வேறான தொகுதியென நிறுவினர். அவ்வழியில் வளர்ந்த இன்றைய மரத்தில் விலங்குகளும் பங்கசுகளும் அயற்கொப்புகள். மனிதன் அங்கே ஒரு நுனி.