நவரோசுக்குள் நான்கு பண்கள்

அப்பர் சூலைநோய் தீரத் திருவதிகையில் பாடிய முதற்பதிகத்தின் பண் கொல்லி. சம்பந்தரின் கோளறு பதிகம் பியந்தைக் காந்தாரம். இன்றைய ஓதுவார் வழக்கிலோ இரண்டுக்கும் ராகம் நவரோசுதான். காந்தாரத்துக்கும் கொல்லிக்கௌவாணத்துக்கும் அதே நவரோசு! மந்தரப் பஞ்சமத்துக்கும் மத்தியப் பஞ்சமத்துக்கும் நடுவிலேயே பெரும்பாலும் உலவும் அந்தச் சின்ன ராகத்தில் நான்கு பண்கள் ஒண்டியிருக்கின்றன. தக்கராகமும் தக்கேசியும் காம்போதியில் கூட்டுக்குடித்தனம். தனித்தனிப் பெயர் பெற்றவை ஒருகாலத்தில் ஒலியிலும் தனித்தே நின்றிருக்க வேண்டும்.

அந்த ஒலியை ஏட்டில் தேடினால் கிடைக்காது. பண்முறை, தலமுறை என இருவகையில் பதிகங்களை அடுக்கிய சுவடிகளில் பண்ணின் பெயர் உண்டு, சுரம் இல்லை. திருமுறைகளை நம்பியாண்டார் நம்பி தொகுத்தபின், எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபுப் பெண்ணொருத்தி பண் வகுத்ததாகத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. ராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கைக்கு ஒருவரையும், கொட்டிமத்தளத்துக்கு ஒருவரையும் அமர்த்தியதைக் கல்வெட்டே கூறுகிறது. அவர்கள் எப்படிப் பாடினார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை.

ஐரோப்பியத் துறவிகளின் தொல்லை வேறு. கிரிகோரியன் என்னும் தேவாலயப் பாட்டிசைக்கு அவர்களிடம் குறியீடுள்ள சுவடிகள் ஏராளம்; அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. சென் காலன், லாவோன் நகரங்களின் 10ஆம் நூற்றாண்டுச் சுவடிகள் குரலின் நெளிவைக் காட்டும். சுரத்தின் உயரத்தைத் துல்லியமாகக் காட்டா. 11ஆம் நூற்றாண்டு மோன்பெலியேச் சுவடி எழுத்துகளால் சுரத்தையே குறித்தது. பிரான்சின் சோலெம் மடம் 1889 முதல் இத்தகைய சுவடிகளைப் படமெடுத்து வெளியிட்டு ஒப்பிட்டது. 1979இல் அது வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தில் அச்சுச் சுரவரிக்கு மேலே லாவோன் குறி, கீழே சென் காலன் குறி. எந்தச் சாட்சியையும் மறைக்காத அந்த நேர்மை நமக்கும் வேண்டும்.

நம் பக்கம் சாட்சி ஓதுவாரின் தொண்டை. தருமபுரம் முதலிய ஆதீனங்களின் பாடசாலைகள் அதைக் காத்தன. ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ (1917), விபுலானந்தரின் ‘யாழ்நூல்’ (1947) இரண்டும் பழைய இலக்கணத்திலிருந்து கணக்கிட்டு இசையை மீட்கப் பார்த்தவை. சென்னைத் தமிழிசைச் சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவாரையும் ஆய்வாளரையும் எதிரெதிரே உட்காரவைத்தது. கணக்கு அழகானதுதான், ஆனால் பாடிவந்த வழக்கைத் தள்ளிவிட்டுக் கணக்கை மட்டும் நம்புவது ஆபத்து. வழக்கும் தேய்ந்திருக்கிறது என்பதற்கு நவரோசே சாட்சி.

மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்குப் பாலோ என்னும் ஊரிலிருந்து வந்து மேடையேறும் பிள்ளைக்கு இது வெறும் ஏட்டுச் சங்கதி அல்ல. தோட்டத்துக் கோயில் பெரியவர் ஒரு மெட்டில் சொல்லித் தருவார். ஓதுவார் தருமபுரம் சுவாமிநாதனின் ஒலிப்பதிவு வேறொன்றைச் சொல்லும். பதிவே அளவுகோல் என்று பெரியவரின் மெட்டை ஒதுக்கிவிடுவது எளிது. அதற்குமுன் கைப்பேசியிலாவது அந்த மெட்டைப் பதிந்து, பதிகத்தின் பெயர், ஏட்டுப் பண், பாடிய ராகம், கற்றுத்தந்தவரின் வழி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வைக்கலாம்.