உத்திரத்துக்கு ஏற்ற விளக்கு எது?

கடலூர் மாவட்டம் கம்மாபுரத்தில் எங்கள் குடும்ப வீட்டுக் கூடத்தின் மேல்தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதன்மேல் குறுக்குச் சட்டங்கள், சட்டங்களின்மேல் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கிய அச்சுக்கல், அதற்கும் மேலே சுண்ணாம்புச் சாந்தில் இடித்து இறுக்கிய செங்கல் ஜல்லி. பின்கட்டு நாட்டு ஓடு. எங்குமே கான்கிரீட் கிடையாது. சுவருக்குள் புதைத்த குழாயும் கிடையாது. மரப்பட்டிமேல் கிளிப் அடித்து ஓடும் ஒயர்தான். கடையில் சீலிங் லைட் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவதோ பெரும்பாலும் கான்கிரீட் தளத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் செய்தவை. இந்த வீட்டின் பழைய விளக்குகளைக் கழற்றிவிட்டு, சில வகைகளை மாட்டி எரியவிட்டுப் பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன்.

தளத்தைத் துளைத்து உள்ளே செருகும் பேனலைத் தொடவே வேண்டாம். அதற்கு மேலே ஒரு வெற்றிடம் வேண்டும். அச்சுக்கல்லுக்கும் ஜல்லிக்கும் நடுவே அது இல்லை. தளத்தின் அடியில் ஒட்டி மாட்டும் 15 வாட் வட்டப் பேனல் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மாட்டச் சுண்ணாம்புத் தளத்தில் ஹேமர் டிரில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அந்த அதிர்வில் சாந்து உதிரும், பக்கத்துக் கல்லும் தளரும். சட்டத்தின் அடியில் ஸ்குரூ போட்டு மாட்டலாம் என்றால், சட்டத்தைவிடப் பேனல் அகலமாக இருந்து இருபுறமும் துருத்திக்கொண்டு நிற்கிறது. சம்பா நடவுக்குப் பிறகு வயலிலிருந்து வரும் பூச்சி துருத்திய ஓரத்து இடுக்கு வழியாகப் புகுந்து வெள்ளை மூடிக்குள் செத்துக் கிடக்கிறது. இதைவிடப் பெரிய குறை, உள்ளே இருக்கும் டிரைவர் போனால் பேனலையே தூக்கிப் போட வேண்டியிருப்பது.

நாலடி எல்.இ.டி. டியூப் பட்டை (20 வாட்) இதைவிடத் தேவலை. சட்டத்தின் பக்கவாட்டில் இரண்டு கிளிப் போதும். சமையலறைக்கு நல்லது. கூடத்துக்கு மனம் ஒப்பவில்லை.

எனக்குப் பிடித்தது கடையில் மூலையில் கிடக்கும் பழைய சாமான்தான்: சீலிங் ரோஸ், தொங்கும் ஒயர், பின் ஹோல்டர், 9 வாட் எல்.இ.டி. பல்பு. ஹோல்டரின் 22 மில்லிமீட்டர் வாய் குண்டு பல்பு காலத்திலிருந்து மாறவில்லை. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மலிவாகக் கொடுத்த 9 வாட் பல்பும் அந்த வாய்க்குச் செய்ததுதான். பல்பு போனால் பல்பை மட்டும் மாற்றினால் போதும்; தளத்தை யாரும் தொட வேண்டாம்.

தொங்கவிடுவதில் இன்னொரு லாபம் வெளிச்சம். எங்கள் கூடத்தின் உயரம் 12 அடி. அங்கே பல்பை ஒட்டி வைத்தால், இரண்டரை அடி உயர மேசைக்கு அது ஒன்பதரை அடி தூரத்தில் இருக்கும். எட்டடி உயரத்துக்கு இறக்கினால் தூரம் ஐந்தரை அடி. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெளிச்சம் குறையும் என்பதால், அதே 9 வாட் பல்பு மேசைமேல் ஏறத்தாழ மூன்று மடங்கு நேர் வெளிச்சம் தருகிறது. மேலே ஒரு எனாமல் ஷேடு இருந்தால் இன்னும் நன்று. சீலிங் ரோஸைச் சட்டத்தில் மாட்ட, கட்டைவிரல் பருமன் மரக்கட்டை ஒன்றை முதலில் பொருத்தி, மெல்லிய பிட்டால் துளையிட்டு, கையாலேயே ஸ்குரூவைத் திருகினால் தேக்கு பிளக்காது. ரோஸுக்குள் ஒயரில் ஒரு முடிச்சு அவசியம். பல்பின் எடையை முடிச்சு தாங்க வேண்டும், செம்புக் கம்பி அல்ல.

பித்தளை ஹோல்டர் பார்வைக்கு எத்தனை பொருத்தமானாலும், எர்த் ஒயர் இல்லாத வீட்டில் மாட்டாதீர்கள். மழைக்காலத்தில் சுண்ணாம்புத் தளம் ஈரம் வாங்கும். கசியும் மின்சாரம் உலோகத்தில் ஏறி நிற்கும். பேக்கலைட்டோ பீங்கானோ போதும். பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கத்திலேயே இருக்கிறது.

எல்.இ.டி.க்கு மாறியதும் ரேழி விளக்கு ஸ்விட்சை அணைத்த பிறகும் மங்கலாக ஒளிர்ந்தது. பல்பு மட்டம் என்று பலர் அதை மாற்றுவார்கள். இண்டிகேட்டர் உள்ள ஸ்விட்சு இருந்தாலும் இப்படி நேரும். எங்கள் வீட்டில் ஸ்விட்சு இருந்தது நியூட்ரலில். பழைய ஒயரிங்கில் இது அபூர்வமல்ல. அணைத்தாலும் ஹோல்டர்வரை பேஸ் வந்து நிற்கும். ஒயர்களுக்கு இடையே கசியும் சொற்ப மின்சாரத்துக்குக் குண்டு பல்பு ஒளிராது, எல்.இ.டி. ஒளிரும். அந்த மங்கல் ஒளி ஓர் எச்சரிக்கை. ஸ்விட்சை அணைத்தோம் என்று நம்பி ஸ்டூல்மேல் ஏறிப் பல்பு மாற்றுபவரின் விரல் படப்போவது பேஸ் நிற்கும் பின்னில். ஆகவே புது விளக்கு வாங்கும் முன், உரிமம் உள்ள ஒயர்மேனை அழைத்து ஒவ்வொரு ஹோல்டரிலும் ஸ்விட்சு அணைந்த நிலையில் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸ் இருந்தால் போர்டில் ஒயரை மாற்றிக் கொடுப்பார். மெயினை இறக்கிவிட்டுத்தான் மற்ற வேலையெல்லாம். மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மெயின் பக்கத்தில் சேர்த்துவிட்டால், நாலு அலங்கார விளக்குக்குச் செலவழிப்பதைவிட அந்தப் பணம் நல்ல வழியில் போகும்.

பல்பிலும் தரம் பார்க்க வேண்டும். செல்போன் கேமராவை அருகில் பிடித்தால் மட்டமான பல்பில் கருங்கோடுகள் ஓடும். அது துடிப்பு, கண்ணுக்குச் சோர்வு. பெட்டியில் பி.ஐ.எஸ். பதிவு எண், லூமென் அளவு, வோல்டேஜ் எல்லை மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். 9 வாட்டுக்கு 900 லூமென் அளவில் இருந்தால் சரி. மோட்டார் ஓடும் நேரம் வோல்டேஜ் இறங்கும் ஊரில், 100 முதல் 300 வரை என்று போட்டதை எடுங்கள். நிறத்தில் என் கட்சி 3000 கெல்வின். 6500-இன் நீல வெள்ளையில் தேக்கு சாம்பல் பூத்துப்போகிறது, சுண்ணாம்புச் சுவர் ஆஸ்பத்திரிச் சுவராகிறது.

மின்சாரம் நின்றாலும் எரியும் இன்வர்ட்டர் பல்பு ஒன்று கூடத்தில் இருப்பது நல்லது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு கடலூர் மாவட்டம் இருட்டில் கிடந்த நாட்களை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் அதை அன்றாடப் பல்பாக்க வேண்டாம். உள்ளே லித்தியம் பேட்டரி. சித்திரை வெயிலில் தளத்துக்கடியில் தேங்கும் சூடு அதன் ஆயுளைத் தின்னும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மெயினை இறக்கினாலும் அது எரியும். விளக்கு எரிகிறதா என்று பார்த்துக் கரண்ட் இருப்பதை முடிவு செய்யும் பழக்கம் இந்தப் பல்பு வந்த வீட்டில் செல்லாது. டெஸ்டர்தான் கணக்கு.

ஓட்டுக் கட்டுக்கு என் தேர்வு, கைமரத்தின் பக்கவாட்டில் மாட்டிய ஆங்கிள் ஹோல்டர். ஒழுகும் இடத்தை ஐப்பசி மழையில் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து தள்ளி மாட்ட வேண்டும். பழைய மரப்பட்டியைக் கழற்றும்போது பின்னால் கரையான் புற்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விளக்கு வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, தச்சரைக் கூப்பிட்டுக் கைமரத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.